'ஆட்சியில்' என்பதும் 'ஆட்சியால்' என்பதும்

குண்டு வெடித்தது யார் ஆட்சியில்? கொலையாளி தப்பியது யார் ஆட்சியில்? காவலைக் குறைத்தது யார் ஆட்சியில்? கூடலூர் தொடங்கித் தேனி வரையில், கம்பம் பள்ளத்தாக்கின் எந்தத் தேர்தல் மேடைக்கு எதிரில் நின்றாலும், எந்தக் கொடி அதன்மேல் பறந்தாலும், இவ்வினாக்களில் ஒன்றேனும் செவியில் விழாமல் போகாது. வினா எழுப்புவோர் விடையை எதிர்பார்ப்பதில்லை, கையொலியை எதிர்பார்க்கின்றனர். அது தாராளமாகவே கிடைக்கிறது! மேடைத்தமிழ் நம் இயக்கம் ஊட்டி வளர்த்த கலை. நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம், திரைப்படத்துக்கு எழுதித் தள்ளுகிறோம். ஆயிரவர் செவிமடுத்து, அதன்வழி வாக்கும் அளிக்கின்ற மேடைப்பேச்சுக்கு மட்டும் மதிப்புரை எழுதுவாரைக் காணோம். அக்குறையை ஓரளவு போக்கும் எண்ணத்துடன், மேற்படி வினா ஒன்றையே எடுத்துக்கொண்டு ஆராய்கிறேன்.

இலக்கண வகுப்பில் மாணவர் இடர்ப்படும் பகுதி வேற்றுமை. 'ஆட்சியில் நடந்தது' என்றால் ஏழாம் வேற்றுமை. காலத்தையும் இடத்தையும் காட்டும். 'ஆட்சியால் நடந்தது' என்றால் மூன்றாம் வேற்றுமை. கருவியையும் கருத்தாவையும் காட்டும். முன்னது நாட்குறிப்பு, பின்னது குற்றச்சாட்டு. மேடையில் நிகழ்வது யாது? பேச்சாளர் 'இல்' என்று வாயால் சொல்லுகிறார். 'ஆல்' என்று மக்கள் செவியில் ஏற்றுகிறார். மெய்ப்பிக்கும் சுமை அவருக்கு இல்லை. நாளேட்டில் தேதி பார்த்தால் போதும். இலக்கணம் வல்லார் குறுக்கிட்டு, "ஐந்தாம் வேற்றுமையின் 'இல்' உருபுக்கு ஏதுப் பொருளும் உண்டன்றோ?" எனக் கேட்பர். உண்டு. நன்னூல் அதற்கு இடந்தருகிறது. அந்த இடுக்கில்தான் நம் பேச்சாளர் நுழைந்து வெளியேறுகிறார். யாரேனும் மடக்கினால், "காலத்தைத்தானே சொன்னேன்" என்பார். மடக்காவிட்டால் பழி நிலைத்துவிடும்.

நற்பேறு வரும்போது இந்தக் கூச்சமெல்லாம் பறந்துபோகிறது. முல்லைப்பெரியாற்று அணையில் 142 அடி நீர் தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கேரளம் அடுத்த மாதமே சட்டம் இயற்றித் தடுத்தது. அச்சட்டம் செல்லாதென 2014 மே 7 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கு தொடங்கிய நாளில் அ.தி.மு.க. ஆட்சி, இடையில் ஐந்தாண்டு தி.மு.க. ஆட்சி, முடிந்த நாளில் மீண்டும் அ.தி.மு.க. ஆட்சி. எனினும் நெல் வயலோரத்து மேடைகளில் 'எங்கள் ஆட்சியால்' என்று முழங்காதார் யார்? நன்மை என்றால் 'எங்களால்'. தீமை என்றால் 'உங்கள் ஆட்சியில்'. அணையைக் கட்டிய வெள்ளைக்காரப் பொறியாளர் பென்னிகுயிக்குக்கு நல்ல வேளையாகக் கட்சி இல்லை!

இனி, இவ்வினாவின் தலையாய எடுத்துக்காட்டுக்கு வருவோம். 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவருடன் காவலர் பலர் உள்ளிட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழி எவர்மேல் விழுந்தது? தி.மு.கழகத்தின்மேல். கழகக் கொடிக்கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. தோழர்தம் வீடுகள் தாக்குண்டன. சட்டமன்றத்தில் கழகத்திற்குக் கிடைத்த இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயின. துறைமுகம் தொகுதியில் வென்ற கலைஞர் தம் இடத்தையும் துறந்தார். ஆயின் அந்த இரவு தமிழ்நாட்டை ஆண்டவர் யார்? ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த பின்னும், 1991 சனவரி 30 அன்றே கழக அரசு கலைக்கப்பட்டிருந்தது. கலைத்தவர் பிரதமர் சந்திரசேகர். அவரைத் தாங்கி நின்றது காங்கிரசு. கொலை நிகழ்ந்தபோது இங்கு நடந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி, அதாவது தில்லியின் நேரடிப் பொறுப்பு. 'யார் ஆட்சியில்?' என்ற அளவுகோலைக் கையில் எடுப்போர் அதை இங்கே நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. கோல் வசதிப்படும்போது நீளும், வசதிப்படாதபோது சுருங்கும்.

நம்மவர் இவ்விடத்தில் வெற்றிக்களிப்புடன் நிறுத்திக்கொள்வது வழக்கம். நான் நிறுத்தப்போவதில்லை. 1990 சூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவர் தோழர்களும் சுட்டும் குண்டு வீசியும் கொல்லப்பட்டனர். கொலை செய்தோர் சாலைவழி சென்று, கடற்கரை அடைந்து, கடல் கடந்தும் போயினர். அன்று நடந்தது கழக ஆட்சி. மறுக்கவும் மறைக்கவும் என்ன இருக்கிறது? தலைநகரில் பட்டப்பகலில்கூட அஞ்சாமல் ஆயுதக் குழுக்கள் நடமாடியது எங்ஙனம், கடற்கரைக் காவல் எங்கே உறங்கிற்று என்ற கேள்விக்கு ஆண்ட கட்சி விடை கூறியே ஆகவேண்டும். ஆனால் அக்குழுக்களுக்குப் படைப்பயிற்சி கிடைத்தது 1983க்குப் பின்னர், இந்திரா காந்தியின் நடுவணரசின் உளவுத்துறை வழியாக. புலிகளுக்குப் பொருளுதவி செய்தவர் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.; 1984இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நம் ஆண்டிபட்டி. 1987இல் உடன்பாடு செய்து படை அனுப்பியது ராஜீவ் அரசு. மூவர் கூடி நட்டு நீர் வார்த்த மரம். கனி விழுந்த நாளில் தோட்டத்தில் நின்றவன்மட்டும் பிடிபட்டான்!

காவல் குறைந்த கதையும் அத்தகையதே. ராஜீவுக்கு இருந்த சிறப்புப் பாதுகாப்புக் குழுவை வி.பி.சிங் அரசு விலக்கிக்கொண்டது, இது உண்மை. அந்தக் குழுவுக்கான 1988ஆம் ஆண்டுச் சட்டம், பதவியிலிருக்கும் பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே காவல் வகுத்தது, இதுவும் உண்மை. சட்டத்தை இயற்றியது ராஜீவ் அரசேதான். முன்னாள் பிரதமர்களையும் சேர்த்தது கொலைக்குப் பின் வந்த திருத்தம். சட்டம் தடுத்திருந்தாலும் ஈடான மாற்றுக்காவல் தந்திருக்கலாமே என்று கேட்பது நேர்மையான கேள்வி. பாதுகாப்புக் குறைபாட்டை ஆராய்ந்த வர்மா ஆணையம் அதைக் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், மாநிலக் காவல்துறையின் தளர்ச்சியையும், மாலையும் கையுமாக ஒழுங்கை மீறி நெருக்கிய உள்ளூர்க் காங்கிரசாரின் பங்கையும் குறித்தது. எல்லார்மேலும் சிறிது சிறிது பழி வைத்த அறிக்கை எவருக்கும் பயன்படவில்லை. ஆகவே அது மேடை ஏறவில்லை.

மேடை ஏறியது செயின் ஆணைய அறிக்கை. 1997 ஆகசுடில் இடைக்கால அறிக்கை அரசின் கைக்குச் சென்றது. நவம்பரில் ஏடொன்றில் கசிந்தது. கழகத்தைக் குறை கூறும் பகுதிகளைக் காங்கிரசு கையில் ஏந்தி, குஜ்ரால் அமைச்சரவையிலிருந்து தி.மு.க.வை விலக்கக் கோரியது. குஜ்ரால் இணங்கவில்லை, 28ஆம் நாள் ஆதரவு விலக, நாடே தேர்தலுக்குச் சென்றது. எத்துணைக் கொள்கை உறுதி! கொலைக்குக் காரணமானாருடன் ஒரே அவையில் அமரோம் என்ற வீராப்பு! ஏழாண்டு கழியவில்லை, 2004இல் அதே காங்கிரசு அதே கழகத்துடன் கைகோத்து வாக்குக் கேட்டது, கழகத்தார் நடுவண் அமைச்சராயினர். இடையில் ஆணையத்தின் சொற்களில் எது பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டது? எவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. இலக்கணம் இங்கு ஒரு வேடிக்கை செய்கிறது: 'ஆல்' மட்டுமா மூன்றாம் வேற்றுமை? 'ஓடு'வும் மூன்றாம் வேற்றுமைதான். நேற்று 'உன்னால்' என்றவர் இன்று 'உன்னோடு' என்கிறார். வேற்றுமை மாறவில்லை, உருபுதான் மாறிற்று!

இது ஒருமுறை நேர்ந்த விபத்தன்று. கோவையில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டார். தொடர்ந்த வெறியாட்டத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முசுலிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர்குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. ஆண்டது கழகம். அவ்வரசைக் கலைக்கச் சொன்னவர் அம்மையார் செயலலிதா; அவருடன் கூட்டணியில் நின்றது பாரதிய சனதா. அடுத்த ஆண்டே அந்தப் பாரதிய சனதாவும் கழகமும் ஒரே மேடையில்! 2002இல் பொடா சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தவர் வைகோ. அச்சட்டம் பிறந்தது தி.மு.க.வும் அங்கம் வகித்த கூட்டணியின் ஆட்சியில். அதே ஆண்டு திருமங்கலத்துப் பேச்சுக்காக அதே சட்டத்தின்கீழ் வைகோவைச் சிறையிட்டவர், ஆண்டிபட்டியின் உறுப்பினராய் இருந்த முதலமைச்சர் செயலலிதா. பத்தொன்பது திங்கள் சிறையிருந்த வைகோ, 2006இல் அவருடைய கூட்டணியில்! எம்.ஜி.ஆரின் பொருளுதவிக்கும் வாக்களித்து, அம்மையாரின் பொடாவுக்கும் வாக்களித்த ஆண்டிபட்டியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்னதும் பின்னதும் முரண்படுவதை எடுத்துரைக்க வேண்டியவர்கள் மேடையில் நின்றவர்களல்லவா?

இச்சொல்லாட்சியின் மூதாதை யார் என்று தேடினால் நம் வீட்டுத் திண்ணையிலேயே அகப்படுகிறது. 1956 நவம்பரில் அரியலூரில் மழைவெள்ளம் மண்கரையை அரித்துத் தொடர்வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கி, துணையமைச்சர் அழகேசனை நோக்கி நம்மவர் எழுப்பிய முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. எதுகை அழகு; ஐயமில்லை. ஆனால் ஆண்டதற்கும் மாண்டதற்கும் இடையே காரணத் தொடர்பு ஒன்று வேண்டுமே, அதை எதுகையே நிரப்பிவிட்டது. இன்றும் அப்படியே. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 காவற்படையினர் மாண்டபோதும், 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோதும், 'மோடி ஆட்சியில்' என்று தொடங்கி அங்கேயே முடித்துக்கொண்ட பேச்சுகள் நம் பக்கத்தில் ஏராளம். 78 வண்டிகளில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நெடுஞ்சாலையில் ஒரே நாளில் சென்றது ஏன்? வானூர்தி கேட்டு மறுக்கப்பட்டது என்று அன்றைய ஆளுநர் சத்யபால் மாலிக் 2023இல் கூறினாரே, அதற்கு மறுமொழி என்ன? இவ்வாறு கேட்டால் 'ஆல்' என்னும் உருபுக்கு உழைப்பு வந்துவிடுகிறது. உழைக்க மனமில்லாதவர்க்கு 'இல்' போதும்.

அப்படியானால் 'இல்'லுக்கு எடையே இல்லையா என்றால், உண்டு. எவர் ஆட்சியில் நிகழ்ந்ததோ அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். குற்றவாளி என்பது வேறு, பொறுப்பாளி என்பது வேறு. அரியலூர்க் கரையை லால்பகதூர் அரிக்கவில்லை, பதவி விலகினார். கடல் கடந்து பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களும் விடுதிகளும் சிதறின. இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை அம்மாதம் 4ஆம் நாளே கொழும்புக்குச் சென்றிருந்தது. குடியரசுத் தலைவர் சிறிசேனா தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார். பிரதமர் ரணில் தம்மைப் பாதுகாப்பு அவைக்கே அழைப்பதில்லை என்றார். அவர்கள் மேடையிலும் இதே 'யார்?' ஆட்டம்தான்! ஆனால் மாண்டார் உறவினர் உச்சநீதிமன்றம் சென்றனர். 2023 சனவரி 12 அன்று அம்மன்றம், சிறிசேனா தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக்கோடி உரூபாயும், காவல்துறைத் தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் தலைக்கு ஏழரைக் கோடியும் இழப்பீடாகச் செலுத்த ஆணையிட்டது. குண்டு வைத்தவர் என்று அவர்களை எவரும் சொல்லவில்லை. தடுக்கும் கடமையைத் தவறவிட்டார் என்பதே தீர்ப்பு. அமெரிக்காவிலும் 2001 செப்டம்பர் 11க்குப் பின் கிளிண்டனா, புசுசா என்று கட்சிக்காரர் மோதினர். இரு கட்சியினரும் ஐவர் ஐவராய் அமர்ந்த ஆணையம் 2004இல் ஒருமனதாய் அறிக்கை தந்து, இருவர் காலத்துத் தவறுகளையும் பெயர் சுட்டி எழுதியது, கடைகளில் விற்றது, மக்கள் வாங்கிப் படித்தனர். மோதல் அதனால் ஓய்ந்துவிடவில்லை என்பதும் மெய். எனினும் படிக்க ஒரு நூல் இருந்தது.

நம் நாட்டில் பழியின் விலையை யார் கொடுத்தனர்? மேடையில் முழங்கியவரா? உயிர்தப்பி மண்டபத்தில் வந்திறங்கிய ஈழத்து ஏதிலியர் 1991க்குப் பின் ஐயத்துக்குரியராயினர். அவர்தம் பிள்ளைகளின் உயர்கல்வி வாய்ப்புச் சுருங்கிற்று. தடா நீதிமன்றம் 1998 சனவரியில் 26 பேருக்கும் ஒருசேரத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே திங்களில் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த அந்தப் பத்தொன்பது பேர், தாங்கள் அடைபட்டது யார் ஆட்சியில், விடுபட்டது யார் ஆட்சியில் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பரோ? பத்தொன்பது வயதில் பிடிபட்ட பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று. எஞ்சிய அறுவர் நவம்பரில்.

செயின் ஆணையம் விட்டுச்சென்ற ஐயங்களைத் துருவ 1998 டிசம்பரில் நடுவண் புலனாய்வுத்துறையின்கீழ் ஒரு கண்காணிப்பு முகமை அமைக்கப்பட்டது. இரண்டாண்டுக்கென்று தொடங்கி, ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு, வாச்பாய், மன்மோகன், மோடி ஆகிய மூவர் ஆட்சியிலும் இருந்தது. அதன் அறிக்கைகள் முத்திரையிட்ட உறைகளில் நீதிமன்றம் சென்றன. 2022இல் அம்முகமை கலைக்கப்பட்டது. உறைகளுக்குள் இருந்ததை மக்கள் படிக்கவில்லை.