ஆட்டுத் தொடையும் நாலு போலீஸ்காரர்களும்

சமீபத்தில் ஓர் இளைஞர் தன் க்ரைம் சிறுகதையைக் கொடுத்துக் கருத்துச் சொல்லச் சொன்னார். முதல் பக்கத்திலேயே மூன்று கொலை. வாளிக்கணக்கில் ரத்தம். நடுநடுவே ஜோக்குகள். ‘ப்ளாக் ஹ்யூமர் சார்’ என்றார். ப்ளாக் இருந்தது, ஹ்யூமரும் கொஞ்சம் இருந்தது, இரண்டும் ஒட்டவில்லை. அவருக்கு ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தேன். உங்களுக்கும் அதையே சிபாரிசு செய்கிறேன்.

ரோல்ட் டாலின் ‘லாம்ப் டு தி ஸ்லாட்டர்’. 1953ல் ‘ஹார்ப்பர்ஸ்’ பத்திரிகையில் வந்தது. அதற்கு முன் ‘நியூயார்க்கர்’ வேண்டாமென்று திருப்பிவிட்டது. (கதை திரும்பி வந்தவர்கள் ஆறுதல் அடையலாம்.) டாலைச் சாக்லேட் ஃபாக்டரிக்காரராக மட்டுமே தெரிந்தவர்களுக்கு இது வேறு ஆள். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. முதலில் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும்.

மேரி மலோனி ஆறு மாத கர்ப்பிணி. கணவன் பாட்ரிக் போலீஸ்காரன். வீட்டுக்கு வருகிறான், ஒரு ட்ரிங்க் குடிக்கிறான், உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்கிறான். அவளை விட்டுப் போகப் போகிறான் என்று நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால், அவன் சொன்ன வார்த்தைகளை டால் எழுதவே இல்லை. நாலைந்து நிமிஷம் பேசினான், அவ்வளவுதான். எழுதியிருந்தால் அது பாட்ரிக்கின் குற்றமாக மட்டும் இருந்திருக்கும். எழுதாததால், நம்மை யாரோ என்றைக்கோ சொன்ன வார்த்தைகளை அந்த இடத்தில் நாமே நிரப்பிக்கொள்கிறோம். கேஸ் பாதி ஜெயித்தாயிற்று.

சமைப்பதற்காக ஃப்ரீஸரிலிருந்து எடுத்த, கல் மாதிரி உறைந்த ஆட்டுத் தொடை கையில் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரே அடி. அப்புறம் அதை அவனில் வைக்கிறாள். கண்ணாடி முன் உட்கார்ந்து, குரல் இயல்பாக வரும்வரை கடைக்காரரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள். உருளைக்கிழங்கும் பட்டாணியும் வாங்கிவருகிறாள். திரும்பிவந்து பிணத்தைப் பார்த்ததும் அழுகிறாள் பாருங்கள், அது நடிப்பில்லை. நிஜமாகவே அழுகிறாள். கதையின் மிக இருட்டான இடம் கொலை அல்ல, இதுதான்.

பிறகு போலீஸ் வருகிறது. எல்லாரும் கணவனின் சகாக்கள். ஆயுதத்தைத் தேடித்தேடிக் களைத்துப் பசித்திருக்கும் நாலு பேரையும் அவள் உபசரிக்க, அவர்கள் தடயத்தைச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். ஆயுதம் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கும் என்று வாய் நிறைய மென்றபடி ஒருவர் சொல்ல, அடுத்த அறையில் மேரிக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அந்த போலீஸ் வசனம் கொஞ்சம் அதிகம்தான். நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று டால் ஒரு கணம் பயந்திருக்கிறார்.

துப்பறியும் கதையில் கலைந்த உலகத்தைப் போலீஸோ டிடெக்டிவோ வந்து அடுக்கிவைப்பார்கள். ‘ந்வார்’ வகையில் அடுக்குவதற்கு யாரும் வருவதில்லை. சாதாரண ஆசாமி ஒரு படி சறுக்குகிறார். அங்கிருந்து எல்லாம் ரொம்பத் தர்க்கமாக நடக்கிறது.

1958ல் ஹிட்ச்காக் இதைத் தன் டி.வி. தொடருக்காக அவரே இயக்கினார். பார்பரா பெல் கெடஸ் மேரியாக வந்தார். குற்றவாளி தப்பிப்பதை அன்றைய அமெரிக்க டி.வி. விரும்பாது. எனவே கடைசியில் ஹிட்ச்காக் தோன்றி, இரண்டாவது புருஷனையும் இதே முறையில் முடிக்கப் பார்த்து மேரி மாட்டிக்கொண்டாள், அந்த மறதிக்காரன் ஃப்ரீஸருக்கு ப்ளக் போட மறந்திருந்தான், கறி கொழகொழவென்று இருந்தது என்கிறார். தர்மத்துக்கும் ஒரு கும்பிடு, கேலிக்கும் ஒரு கும்பிடு.

இன்னொரு ஆட்டுக்கறிக் கதையும் உண்டு. ஸ்டான்லி எல்லினின் ‘தி ஸ்பெஷாலிட்டி ஆஃப் தி ஹவுஸ்’. 1948ல் எல்லரி க்வீன் பத்திரிகையில் வந்த அவருடைய முதல் கதை. ஒரு சின்ன ரெஸ்டாரன்ட்டில் எப்போதாவது மட்டும் பரிமாறப்படும் அபூர்வமான கறி. அது என்ன கறி என்று எல்லின் கடைசிவரை சொல்வதில்லை. சமையலறையைப் பார்க்க ஆசைப்பட்ட வாடிக்கையாளரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போகிறார் முதலாளி. முடிந்தது. டாலைவிட எல்லின் ஒரு படி மேல் என்பேன். அவர் போலீஸைக்கூடக் கூப்பிடவில்லை.

இரண்டிலும் பொதுவான விஷயம், எழுத்தாளர் சிரிப்பதே இல்லை. சமையல் குறிப்பு சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சிரிப்பது நாம்தான். சிரித்து முடித்தபிறகுதான், பாட்ரிக் மலோனிக்காக ஒரு நிமிஷம்கூட நாம் வருத்தப்படவில்லை என்பது உறைக்கிறது. அவள் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறோம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஐந்தாவது நாற்காலி நமக்கு. நல்ல கறுப்பு நகைச்சுவைக்கு இதுதான் சோதனை. செத்தவனைப் பார்த்துச் சிரிக்கவைப்பது சுலபம். நாம் எவ்வளவு சீக்கிரம் கொலைக்குச் சம்மதிக்கிறோம் என்று காட்டுவது கஷ்டம்.

இளைஞர் படித்துவிட்டு வந்தார். ‘இப்ப என் கதையில என்ன சார் பண்ணட்டும்?’

‘ஜோக்கையெல்லாம் எடுத்துருங்க. ரெண்டு பிணத்தைக் குறைங்க. கொலை பண்ணினவனைக் காய்கறி வாங்க அனுப்புங்க.’