நோபலின் மறுபாதி

சந்திரசேகர் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு இருக்கு. லாகூரில் பிறந்தார், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், 1930-ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கணக்குப் போட்டார், 1935-ல் எடிங்டன் சபையில் வைத்துக் கேலி செய்தார், 1983-ல் நோபல் வந்தது. சுபம்.

எல்லாம் உண்மைதான். ஆனா அந்தப் பரிசில் பாதி வில்லியம் ஃபவுலருக்கு ஏன் போச்சுன்னு கேட்டா, நான் படித்தவற்றில் பதில் இல்லை. பெயர் வந்தாலே பெரிசு. ஃபவுலருக்கு மரியாதை குறைஞ்சுதுன்னு சொல்ல வரலை. சந்திரசேகரின் கதையே பாதியில் நின்றுபோகிறது என்பதுதான் என் குறை.

வெண்குள்ளன் என்கிற செத்த விண்மீன், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது. இது சந்திரசேகர் சொன்னது. சரி, அந்தக் குள்ளன் எதனால் ஆனது? பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும். எது எவ்வளவு? இங்கேதான் ஃபவுலரின் துறை வருகிறது. கார்பன் அணுக்கரு ஒரு ஹீலியம் கருவைப் பிடித்து ஆக்சிஜன் ஆகிறது. அந்த வினையின் வேகம்தான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. விகிதம் மாறினாலும் 1.4 என்ற எல்லை அசையாது. ஆனா குள்ளன் குளிர எடுக்கும் காலம் மாறும்.

அந்த வேகத்தை அளப்பது லேசில்லை. இரண்டு கருவும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். விண்மீனுக்குள் இது சுமார் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நடக்கிறது. அதே ஆற்றலில் ஆய்வகத்தில் முயன்றால் வினை மிக மிக அரிது, நேரடியாக எண்ணவே முடியாது. அதனால் அதிக ஆற்றலில் அளந்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக் கீழே இறங்குகிறார்கள். கணக்கின் துல்லியம் பற்றிய விவாதம் இன்னும் ஓயலை.

'நாமெல்லாம் நட்சத்திரத் தூசி' என்று எழுதுவது சுலபம். சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூருக்கு அனுப்பிய பாக்சைட்டில் அலுமினியத்தோடு பிணைந்து கிடக்கும் ஆக்சிஜனும், பெரிய விண்மீன்களில் இதே வினையில் பிறந்ததுதான். அது எப்படித் தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைச் சொன்னால்தான் அந்த வரி அறிவியல் ஆகும்.

கொல்கத்தா சாஹா நிறுவனத்தில் இத்தகைய வினைகளை ஆராயவே 'ஃப்ரேனா' என்ற 3 மெகாவோல்ட் முடுக்கி இருக்கு. அடுத்த சந்திரசேகர் கட்டுரையை எழுதப்போகிறவர் எடிங்டனுக்குக் கொடுக்கும் பத்தியில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.