செட்டிநாட்டு விருந்தும் தெருவோர அடுப்புகளும்

விடுதிகள் வராமல் போயிருந்தால் செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல இன்று நின்றிருக்காது. பர்மா, இலங்கை, மலேயா என்று பரவியிருந்த வணிகம் ஓய்ந்து, பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்த பிறகு ஒரே வீட்டுக்கு உரிமைக்காரர்கள் ஏராளம். ஓடு மாற்ற முன்வருபவர் சிலரே. இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. அப்படியொரு காலத்தில் கொத்தமங்கலம், கானாடுகாத்தான், கடியாபட்டி ஆகிய ஊர்களில் சில வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினருக்குத் திறந்தவர்களைக் குறை சொல்லிக் கட்டுரையைத் தொடங்குவது நேர்மையாகாது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதற்குப் பின்னாலும் இத்தகைய அக்கறை உண்டு.

இந்தச் சுற்றுலாவைத் தாங்கி நிற்பது கட்டடத்தைவிடச் சாப்பாடுதான் என்பது என் கருத்து. வளவு எனும் உள்முற்றத்தையும் முகப்பையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் அரை நாளில் பார்த்துவிடலாம். வந்தவரை இரண்டாம் இரவும் தங்க வைப்பது இலை போட்டுப் பரிமாறும் விருந்து. காரைக்குடியின் 'பங்களா' விடுதி இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. அதன் சமையல் 2014இல் ஆங்கில நூலாகவும் வந்தது. கைதேர்ந்த சமையல்காரர் பிழைப்புக்காகச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகாமல் சொந்த ஊரிலேயே மரியாதையோடு வேலை பார்க்க வழி பிறந்தது பெரிய நன்மை.

ஆனால் அந்த விருந்து மதில் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சமையல் செய்முறை விளக்கம், கார் எல்லாம் ஒரே ரசீதில் அடங்கும். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கும் பயணி நேராக விடுதிக்கு வருகிறார், ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்க்கிறார், திரும்பிப் போகிறார். விடுதி இருக்கும் அதே ஊரின் தெருக்களில் தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் மாவுருண்டையும் செய்யும் பெண்களின் வாசலில் அவர் நிற்பது அரிது. கல்யாணச் சீர், கோயில் விசேஷம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பும் பார்சல் இவையே அவர்களுடைய சந்தை. மாவின் பதம், பாகின் கம்பி, எண்ணெயின் சூடு ஆகியவை அந்தக் கைகளில் இருக்கின்றன. சமையல் மரபு என்று விளம்பரத்தில் வருவதோ வீட்டின் பெயரும் குடும்பத்தின் பெயரும். மரபைச் சுமப்பவருக்கு அதன் வருமானத்தில் பங்கில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பயணி எதிர்பார்ப்பது மிளகு தூக்கலான கோழி. நெடுஞ்சாலை உணவகங்கள் 'செட்டிநாடு' என்ற பெயரையே ஒரு மசாலாவாகச் சுருக்கி, அவரை அப்படிப் பழக்கிவிட்டன. அவரைத் திருப்திப்படுத்தவே உணவுப் பட்டியல் அமைந்தால் ஆடிக் கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஓரத்துக்குப் போய்விடும். கவுனி அரிசி மட்டும் தப்பித்தது. பர்மாத் தொடர்பு என்ற கதை அதற்குத் துணை இருக்கிறது. கதை சொல்லத் தெரியாத பலகாரங்கள் என்ன ஆகும்?

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதே மண்ணில் சான்று உண்டு. வழக்கொழியும் நிலையிலிருந்த பனையோலைக் கொட்டானை ஓர் அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்றுவித்து மீட்டது. 2013இல் செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே முன்னே நிற்பது முடைபவரின் வேலை. மணப்பாறை முறுக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் புவிசார் குறியீடு பெற்றவையே. ஆனாலும் குறியீட்டை மட்டும் நம்ப முடியாது. அது பெயரைக் காக்குமே தவிர, வாங்க வருபவரைக் கூட்டி வராது.

வாங்குபவரைக் கூட்டிவருவதில் விடுதிகளால் உடனே உதவ முடியும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. கல்யாணப் பலகார ஆர்டர் படுத்துவிடும். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வருவதும் அந்த டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். இந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மாலைக் காப்பிக்கான பலகாரத்தை விடுதி தன் அடுப்பில் செய்யாமல் ஊர்ப் பெண்களிடம் வாங்கலாம். செய்தவர் பெயரெழுதிய கொட்டானில் விருந்தினர் கையில் கொடுத்தனுப்பலாம். பணத்தை மாதக் கடைசிவரை இழுக்காமல் அன்றே கொடுத்துவிட வேண்டும். எண்ணெயும் வெல்லமும் கைக்காசில் வாங்குபவருக்குத் தவணை என்பது வட்டி.

'சமையற்கட்டுச் சுற்றுலா' என்று பயணிகளை நேரே அடுப்படிக்குக் கூட்டிப்போகும் யோசனையையும் பலர் சொல்கிறார்கள். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன் வியர்த்து நிற்பவரை அந்நியர் சூழ்ந்து படம் எடுப்பதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். காட்சிக்காக ஒதுக்கும் நேரத்துக்குக் கூலியும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு முதலில் உறுதியாக வேண்டும். அதுவரை ஆர்டர் போகட்டும், ஆட்கள் போக வேண்டாம்.