அனுப்பப்படாத சான்றிதழ்: 'காதல் கோட்டை' பற்றி மீண்டும்

நத்தாருக்கு முந்திய வாரங்களில் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையின் தொலைக்காட்சியில் வருடந்தோறும் வந்துபோகும் படங்களுள் ஒன்று, நான்சி மையர்ஸ் 2006 இல் எடுத்த 'த ஹொலிடே'. இங்கிலாந்தின் சறேப் பகுதியில் சிறுவீடொன்றில் வாழும் பத்திரிகையாளர் ஐரிஸ். லொஸ் ஏஞ்சல்ஸில் மாளிகை போன்ற வீட்டில் வாழ்ந்து திரைப்பட முன்னோட்டங்கள் தயாரிக்கும் அமண்டா. ஒருவரையொருவர் அறியாத இவர்கள், காதலில் அடிபட்ட நிலையில், இரண்டு வாரங்களுக்கு வீடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். மாறிய இடத்தில் இருவருக்கும் புதிய காதல் வாய்க்கிறது. முப்பது நிமிட இடைவேளைகளில் துண்டு துண்டாகப் பார்த்து, நான்கைந்து வருடங்களில் இப்படத்தை முடித்தேன்.

சான் ஹோசேயில் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பற்றாசுப் பிழை தேடுவது என் வேலை. முன்பு நான் விரிவுரையாளன். அப்போதும் பிழை தேடித்தான் சம்பளம் வாங்கினேன். பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு வியட்நாமியப் பெண்மணி. வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர் ஆகக் கூடுதலாக வாழும் நகரம் இது, ஒரு லட்சத்துக்கும் மேல். படம் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் ஒருநாள் சொன்னார்: "இவர்களிடம் திறப்பு இருக்கிறது, அதனால் மாற்றிக்கொள்கிறார்கள்." சாய்கோனில் அவரது தகப்பனாரின் வீட்டுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

வீடு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தி நடத்தத் தொடங்கியவர்கள், 1950களில், குறைந்த செலவில் விடுமுறை கழிக்க விரும்பிய ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர். இதில் எனக்குப் பகையில்லை, ஆசிரியத் தொழிலின் பக்கம் பார்த்தால் பெருமைகூட. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படை என்ன? இருவருக்கும் வீடு உண்டு. இருவரும் சம்மதிக்கிறார்கள். இருவரும் குறித்த நாளில் திரும்புவார்கள். 'த ஹொலிடே'யின் பெண்கள் மாற்றுவது வீட்டை மட்டுமே. வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அந்நியர் வீட்டில் காதல் மலர்வதற்கு இந்தக் காப்புறுதி தேவைப்படுகிறது என்பதை அப்படம் கவனிப்பதேயில்லை.

இதற்கு எங்கள் மொழியில் மறுமொழி உண்டா என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது அகத்தியனின் 'காதல் கோட்டை' (1996). சிறந்த இயக்கத்துக்கும் சிறந்த திரைக்கதைக்கும் தேசிய விருதுகள் பெற்ற படம். பின்னர் அகத்தியனே அதை 'சிர்ஃப் தும்' (1999) என்று இந்தியில் எடுத்தார். 1997 இல் யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் இரைச்சலுக்குள், ஊரடங்குக்கு முன் முடியவேண்டுமென்ற அவசரத்தில் அதை முதன்முதல் பார்த்தேன். கடந்த மாதம் மகனின் கணினியில் மறுபடியும் பார்த்தேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். ஊட்டியில் அக்காள் வீட்டில் வாழும் கமலியின் சான்றிதழ்கள் ரயில் பயணத்தில் பறிபோகின்றன. ஜெய்ப்பூரில் வேலை செய்யும் சூர்யாவின் கையில் அவை அகப்படுகின்றன. அவன் தபாலில் அனுப்பிவைக்கிறான். நன்றிக் கடிதம், மறுகடிதம், பின்னர் காதல். முகம் காணாமலே. சூர்யா தன் முதலாளிப் பெண்ணின் விருப்பத்தை மறுத்து, வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து ஓட்டோ ஓட்டுகிறான். கமலியும் அங்கே வருகிறாள். சந்திக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், ஆளை ஆள் அறியவில்லை. முடிவில் அவள் அனுப்பிய மேலாடை அவனைக் காட்டிக்கொடுக்க, ஓடத் தொடங்கிய ரயிலிலிருந்து குதிக்கிறாள்.

இப்படத்தைப் 'பார்க்காத காதல்' என்று புகழ்ந்தவர்களும் உண்டு, அதையே அசட்டுத்தனம் என்று தள்ளியவர்களும் உண்டு. இரு சாராரும் படத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டார்கள் என்பது என் துணிபு. இப்படத்தின் அறம் காதலில் இல்லை. ஒரு அந்நியன் இன்னொரு அந்நியரின் கடதாசிகளைக் கண்டெடுத்து, அவை இல்லாமல் அந்த மனிதருக்கு வாழ்வில்லை என உணர்ந்து, முத்திரை ஒட்டி அனுப்பினானே, அதில் இருக்கிறது. நடுத்தர வர்க்கத்துத் தமிழருக்குச் சான்றிதழ் என்பது காணியைப் போல. நிலமற்றவருக்கு அதுவே நிலம். இதை உணர்ந்து கதையைத் தொடங்கிய அகத்தியன், 'த ஹொலிடே'யின் இயக்குநரைவிட உலகத்தை அறிந்தவர்.

இரண்டாவது பலம், வேலை இழப்பு. ஜெய்ப்பூர்ச் சூர்யாவும் சென்னை ஓட்டோக்காரனும் ஒரே மனிதன்தான். ஆயினும் கடிதத்தில் காதலித்தவனை ஓட்டோவில் கமலிக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த இடைவெளி எம்மவருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளையுடன் கதைப்பதற்குக் கொழும்பு லொட்ஜுக்குப் போய்க் காத்திருக்கவேண்டும். மற்றபடி கடிதமும் ஒரு ஒளிப்படமும்தான். என் தங்கையின் கணவர் கனடாவிலிருந்து எழுதிய கடிதங்களில் 'கொம்பனியில் வேலை' என்றிருக்கும். உணவகத்தில் கோப்பை கழுவியது அவள் போய் இறங்கிய பிறகே தெரிந்தது. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அம்மா இறக்கும்வரை, நான் இங்கே ஒரு இலத்திரனியல் நிறுவனத்தில் 'தரக்கட்டுப்பாட்டுப் பகுதி'யில் இருக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். பொய்யில்லை. உண்மையுமில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். நாயகனுக்குச் சுற்றமென்று எவருமில்லை. ஆகவே எந்த ஊர், எந்த ஆட்கள் என்ற கேள்வி எழவே எழாது. முகம் பார்க்காமல் காதலிக்கலாம், சாதி பார்க்காமல் காதலிக்கலாமா என்ற இடத்துக்கு வருமுன் திரைக்கதை நழுவிவிடுகிறது. அடுத்தது, பிற்பகுதியில் சான்றிதழை இயக்குநர் மறந்துவிடுகிறார். ஒருவரையொருவர் இனங்காண மேலாடை வந்துவிடுகிறது. முதற் செயலின் கனதி தற்செயலின் விறுவிறுப்பில் கரைந்துபோகிறது.

இதுவரை சொன்னது விமர்சகன் சொல்லக்கூடியது. இனிச் சொல்வதை நான் சொல்லியாகவேண்டும்.

1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை, இரண்டு மணிநேர அவகாசத்தில், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். பின்னர் என் உறவினர் ஒருவர் சோனகதெரு வீடொன்றில் குடியிருந்தார். வீட்டுக்காரரிடம் கேட்டல்ல. நகருக்குக் கிட்டவென்று நானும் அங்கே பல மாதங்கள் தங்கினேன். புத்தகம் வைக்க எனக்கு ஒரு அலுமாரி தந்தார்கள். அதன் கீழ்த்தட்டில், பழைய கொப்பிகளுக்கிடையில், ஒரு பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் கிடந்தது. நல்ல பெறுபேறு. கணிதத்தில் அதிவிசேட சித்தி.

நான் அதை வாசித்தேன், திரும்ப வைத்தேன். முகவரி தெரியாதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் புத்தளத்தில் இருப்பது முழு யாழ்ப்பாணத்துக்கும் தெரியும். சுணங்கியேனும் தபால் போய்வந்தது. அனுப்ப முயன்றிருந்தால், எந்த அலுமாரியிலிருந்து அனுப்புகிறேன் என்று எழுதவேண்டி வந்திருக்கும்.

சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இல், இராணுவம் நெருங்க, வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேற நேர்ந்தது. என் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தேன். மற்றது அலுமாரியிலேயே கிடந்தது. 1996 இல் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியே இல்லை. அடுத்த வருடம் அந்த ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் சூர்யா உறைக்கு முத்திரை ஒட்டுவதைப் பார்த்தபோது, எனக்கு அது காதற்கதையாகத் தெரியவில்லை.

நான் சுமந்துவந்த சான்றிதழ்கள் இன்று சான் ஹோசேயில் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. தொழிற்சாலை விண்ணப்பத்தில் கல்வி என்ற கட்டத்தில் 'உயர்தரம்' என்று மட்டும் எழுதினேன். கூடப் படித்தவனுக்கு அந்த வேலை கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

புலம்பெயர் சஞ்சிகைகளில் நாங்கள் இழந்த வீடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் கேட்காமல் நாங்கள் குடியிருந்த வீடுகளைப் பற்றி எழுதியது குறைவு. முஸ்லிம்களின் வெளியேற்றத்தைக் கண்டித்து எழுதியவர்கள்கூட, அதை ஒரு அமைப்பின் குற்றமாகவே எழுதினோம். அது அமைப்பின் குற்றம்தான். அந்த அலுமாரி மட்டும் என்னுடைய குற்றம். யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பினர். பலர் இன்னும் புத்தளத்தில்தான் வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது இருக்கும்.

அந்நியர் இருவர் வீடு மாற்றிக்கொள்ளும் கதைகள் இனியும் வரும். அவற்றில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதற்கு முன், யார் யாரிடம் திறப்பைக் கேட்டார்கள் என்று பார்க்கவேண்டும். அந்த அளவுகோலில் 'த ஹொலிடே' தேறும், ஆனால் அதற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. 'காதல் கோட்டை' அதன் முதற் பகுதிக்காகத் தேறும். நான் தேறவில்லை. காதற்படத்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், அடுத்த இதழில் எழுதட்டும்.