கண்ணை மூடுவதற்கு முன்னும் பின்னும்

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை டிசம்பர் 21ஐ உலகத் தியான நாளாக அறிவித்தது. அதற்கு வெகுநாள் முன்பே தியானம் கைப்பேசிச் செயலிக்குள் புகுந்துவிட்டது. பதற்றம் குறையும், தூக்கம் வரும், வேலைத்திறன் கூடும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். இந்தப் பலன்களை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒருவன் எத்தனை நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தான், உள்ளே என்ன ஒளி கண்டான் என்பதை மட்டும் வைத்து நம் பெரியவர்கள் அவனை அளந்ததில்லை; கண்ணை மூடுவதற்கு முன்னும் பின்னும் அவன் எப்படி வாழ்ந்தான் என்பதையும் பார்த்தார்கள். அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்துக்காரர்கள் இதை அறிய இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருமூலரின் திருவாவடுதுறை. வடகிழக்கே வள்ளலாரின் வடலூர். இரண்டுமே காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான்.

திருமூலர் பாடிய திருமந்திரத்தின் அடைவைக் கவனியுங்கள். ஒன்பது தந்திரங்களில் யோகம் வருவது மூன்றாவதில். முதல் தந்திரத்திலேயே கொல்லாமை, புலால் மறுத்தல், அறம், அன்புடைமை, கள்ளுண்ணாமை எல்லாம் வந்துவிடுகின்றன. மூன்றாம் தந்திரத்திலும் எடுத்த எடுப்பில் தியானம் இல்லை; இயமம், நியமம் தொடங்கி ஆறு படி ஏறிய பிறகு ஏழாவதாகத்தான் அது வருகிறது. ஆறாம் தந்திரம் இன்னும் கடுமையானது. தவத்தையே கேள்விக்கு உட்படுத்தும் தவதூடணம், போலிக்கோலத்தைச் சாடும் அவவேடம் என்று தனித்தனிப் பகுதிகள் அதில் உண்டு. யோகம் சொல்லிக்கொடுக்கும் நூலே யோகியைச் சந்தேகிக்கவும் சொல்லிக்கொடுக்கிறது! இன்றைய மூன்று நாள் தியான வகுப்புகள் பல அந்த ஏழாம் படியை மட்டும் பெயர்த்தெடுத்து வந்துவிட்டன. சடங்கையும் சாதியையும் ஒருசேரக் கேள்வி கேட்ட சித்தர் சிவவாக்கியர் இதைப் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்.

வள்ளலாரிடம் இந்த அளவுகோல் முழுதாக வெளியே வந்துவிடுகிறது. 1865இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23இல் வடலூர்த் தருமசாலை, 1872இல் சத்திய ஞானசபை. இந்த வரிசையே ஒரு போதனைதான். சோறு போடும் சாலை முன்னால் வந்தது; சோதி வழிபாட்டுக்கான சபை ஐந்தாண்டு கழித்து வந்தது. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்: உயிரிரக்கம் இல்லாதவர் யோகம், தவம், செபம், தியானம் என எதைச் செய்தாலும் கடவுள் அருளுக்குப் பாத்திரமாக மாட்டார். அவர் வகுத்த நான்கு ஒழுக்கங்களில் இந்திரியம், கரணம், ஆன்மா ஆகியவற்றோடு ஜீவ ஒழுக்கமும் உண்டு. எந்த வேறுபாடும் பாராமல் எல்லா மக்களையும் தம்மவராக எண்ணுவது அது. சாதி பார்த்துக்கொண்டே தியானம் செய்பவருக்கு வடலூர்க் கணக்கில் தேர்ச்சி இல்லை. தைப்பூசத்தன்று ஏழு திரை விலகும் சோதியைக் காண முண்டியடிக்கும் நாம் இதை மறந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

1896இல் திருவண்ணாமலை சேர்ந்த ரமணர் தியானத்தின் மீதே ஒரு கேள்வியை வைத்தார்: தியானம் செய்கிற அந்த 'நான்' யார்? அவரோ விடிவதற்கு முன்பே ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவர். வேலை வேறு, விசாரணை வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

ஜே.கிருஷ்ணமூர்த்தி இன்னும் ஒரு படி மேலே போனார். உலககுரு என்று தம்மைக் கொண்டாடப் பிறர் நிறுவிய விண்மீன் சங்கத்தை 1929இல் ஹாலந்தின் ஓம்மென் ஊரில் தாமே கலைத்தார். முறையும் மந்திரமும் மனத்தை மழுங்கடிக்கும் என்று சொல்லி, 1986 ஜனவரியில் சென்னை வசந்த விகாரில் பேசிய கடைசிப் பேச்சுவரை நிறுவனம், குரு, சாதனை அனைத்தையும் கேள்விக்குள்ளாக்கினார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்டு முறையைக் கைவிட்ட பலர், அவர் கேட்ட இடைவிடாத விழிப்பையும் சேர்த்தே கைவிட்டார்கள்.

உடையார்பாளையம், செயங்கொண்டம் தறிக்காரர்களுக்கு நெருக்கமானவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரி நெசவுக் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். தாம் வகுத்த மனவளக்கலைப் பயிற்சியில் தவத்தோடு அகத்தாய்வையும் கட்டாயமாக்கினார்: ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது. மனைவியின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக்கியதில் ஒரு தேர்வே இருக்கிறது. தவம் பலித்ததா என்று வீட்டில் இருப்பவள் சொல்லட்டும்.

இந்த முன்னும் பின்னும் அறுந்துபோனால் பயிற்சி ஆபத்தாகவும் முடியலாம். அமெரிக்கப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்களிடம் அச்சம், தூக்கமின்மை, உணர்ச்சி மரத்துப்போதல் போன்ற தொல்லைகளும் நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. இப்படி நேரும்போது 'கர்மா கழிகிறது' என்று சொல்லி மேலும் உட்காரச் சொல்லும் ஆசிரியரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

நம் பிள்ளைகள் தியான வகுப்பில் சேரும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: அங்கே கேள்வி கேட்க இடமுண்டா, பசித்தவனுக்கு இடமுண்டா? அடுத்த முறை கூட்டம் இல்லாத சாதாரண நாளில் வடலூருக்கு அழைத்துப் போங்கள். 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பிள்ளைகள் அங்கே ஒரு பந்திக்காவது பரிமாறட்டும்.