கூலி என்னும் ஆங்கிலச் சொல்

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்களை எடுத்துக் காட்டுமாறு கேட்டால், கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றை மாணவர் மகிழ்ச்சியோடு கூறுவர். அவ்வரிசையில் 'கூலி' வரும்போது மட்டும் வகுப்பறையில் குரல் தாழ்ந்துவிடுகிறது. மலாக்கா மாநிலத்தில் இது வியப்பன்று. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலருக்கு, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னர் இச்சொல் குடும்பத்தின் பெயரைப் போலவே வழங்கியது. ஆனால் தாழவேண்டிய குரல் எது என்பது ஆராயத்தக்கது. தமிழில் கூலி என்பது உழைப்பவன் பெறும் பொருளின் பெயர். ஆங்கிலத்தில் அதுவே உழைப்பவனின் பெயர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பார்க்காமல் இச்சொல்லை ஏற்பதும் தவறு, ஒதுக்குவதும் தவறு.

சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில இந்தியச் சொற்களஞ்சியம், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த கோலி இனத்தாரின் பெயரிலிருந்து இது வந்திருக்கலாம் என்று கருதுகிறது. தமிழ்க் 'கூலி'யையும் அது மறவாமல் குறிக்கிறது; அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல் ஒன்றையும் உடன் வைக்கிறது. பின்வந்த அகராதிகளும் இவற்றுள் ஒன்றை முற்றாகத் துணிய இயலாமல் தயங்கியே நிற்கின்றன. கோலி என்பார்க்கு ஒலி இடிக்கிறது. ஓகாரம் ஊகாரமானதற்குக் காரணம் காட்டவேண்டும். கூலி என்பார்க்கு ஒலி பொருந்துகிறது, பொருள் இடிக்கிறது. கொடுக்கப்படும் பணம் எவ்வாறு மனிதனாயிற்று என்று அவர்கள் விளக்கவேண்டும். இரண்டு சொற்களும் துறைமுகங்களில் ஒன்றோடொன்று கலந்தன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறு கலப்பதற்கு மலாக்காவைவிடத் தகுந்த இடம் வேறு எது? சுல்தான்கள் காலத்தில் அங்கு நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் குசராத்தியர்க்கென்றே அமர்த்தப்பட்டவர். தமிழ் வணிகரை உள்ளிட்ட கிழக்குக் கரையினர் மற்றொருவர் பொறுப்பில் இருந்தனர். 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் ஒல்லாந்தரும் அத்துறைமுகத்தைப் பற்றியபோது, மூட்டை சுமந்தவனை எம்மொழிப் பெயரால் அழைத்தனர் என்று இன்று பிரித்தறிதல் அரிது.

பிறப்பு எதுவாயினும் இருக்கட்டும். தமிழில் இச்சொல் வாழ்ந்த வாழ்வு ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் இதனை ஆள்கிறார். ஊழ் கைவிட்டவிடத்தும் உடல் வருந்திய அளவுக்குப் பயன் கிட்டாமற் போகாது என்பது அக்குறளின் கருத்து. அப்பயனுக்கு அவர் தெரிந்தெடுத்த சொல் கூலி. வரம் என்றோ அருள் என்றோ அவர் கூறவில்லை. உழைத்தவன் உரிமையோடு கேட்டுப் பெறும் ஒன்றின் பெயரைக் கூறினார். தானியத்தைக் குறிக்கும் கூலம் என்பதிலிருந்து கூலி பிறந்தது, உழைப்புக்குத் தானியம் அளந்த காலத்தின் சொல் அது என்று கொள்வாரும் உளர். வழக்கில் இது தொடாத தொழில் இல்லை. வண்டிக்கூலி, தையற்கூலி, அச்சுக்கூலி, அரவைக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என விரியும். நகைக்கடையில் சேதாரத்தோடு செய்கூலியும் சேர்த்துக் கொடுக்கும் பெருஞ்செல்வர் எவரும், பொற்கொல்லரைக் கூலி என்று அழைப்பதில்லை. கூலிக்கு மாரடித்தல், கூலிப்படை போன்ற இழிவழக்குகளும் தமிழில் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அங்கும் பழிக்கப்படுவது மனமின்றிச் செய்யும் செயலேயன்றிக் கூலி பெறுதல் அன்று.

கூலி என்பது தமிழனுக்கு எவ்வளவு கனமான சொல் என்பதற்குக் கீழ்வெண்மணி சான்று. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அவ்வூரில் குடிசையோடு எரிக்கப்பட்டனர். மலாயாவில் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோதும் முதற்கோரிக்கை கூலி உயர்வுதான். அதனுடன், அதிகாரிகள் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டனர். 'கூலி' என்று அழைக்கப்பட்டவர்கள் கூலி கேட்டு எழுந்தபோது, ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன எனலாம்.

பணத்தின் பெயரால் ஆளை அழைப்பது இலக்கணத்திற்குப் புறம்பானதா என்று மாணவர் கேட்கக்கூடும். ஆகுபெயர் கற்றவர்க்கு இது கடினமான கேள்வியன்று. ஊர் சிரித்தது என்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறோம். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் கங்காணி பெற்ற தொகைக்குத் 'தலைக்காசு' என்றே பெயர். சினையாகுபெயருக்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே கூலி ஆளைக் குறித்ததும் ஆகுபெயர்தான், குற்றமில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆங்கிலத்தில் படைவீரனைக் குறிக்கும் 'சோல்ஜர்' என்னும் சொல்லும் இத்தகையதே. உரோமரின் 'சொலிதுஸ்' என்னும் பொற்காசின் பெயர், பழைய பிரெஞ்சு மொழியில் ஊதியத்தின் பெயராகிப் பின்னர் ஊதியம் பெறும் வீரனின் பெயராயிற்று. அவனும் கூலியாள்தான், ஆனால் அச்சொல்லில் இன்று மாலையும் பதக்கமும் தொங்குகின்றன. ஒரே வகையான பெயர்மாற்றம் ஒருவனுக்குச் சிறப்பாகவும் மற்றொருவனுக்கு இழிவாகவும் முடிந்ததற்கு இலக்கணம் பொறுப்பாகாது. பெயரிட்டவன் யார், இடப்பட்டவன் யார் என்று பார்க்கவேண்டும்.

மலாக்காவில் இதன் காரணம் கண்கூடாகத் தெரிகிறது. இந்நகரில் பிறந்த முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சேறிய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் தம் வரலாற்று நூலில், தாம் இளமையில் தமிழ் கற்க அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்கும் வாணிகத்துக்கும் தமிழ் கற்பது மலாக்காவில் முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்பது அவர் தரும் செய்தி. கடை 'கெடை' என்றும், முதல் 'மோடால்' என்றும், கப்பல் 'காப்பால்' என்றும் மலாய்மொழியில் குடியேறியது அத்தகைய மதிப்பினால்தான். அதே மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் அது புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரிந்தது. தொடர்ந்து மலாயா எங்கும் பால்மரம் பரவியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. கங்காணி வழி வந்த ஆட்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் முடிவுக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் கணக்கு எழுதும் மொழியாக இருந்த தமிழ், கணக்கில் எழுதப்படுபவரின் மொழியாயிற்று. தோட்ட ஏடுகளில் குடியிருப்புக்குக் 'கூலி லயன்' என்றும், மனிதருக்குக் 'கூலி' என்றும் பெயர் விழுந்தது. கண்காணிப்பவர் கங்காணியென்றே ஆங்கிலத்துக்குள் சென்றார். அவருடைய பொருள் சிதையவில்லை. கூலியின் பொருள் மட்டுமே சிதைந்தது.

இலங்கை மலையகத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' போடுவர். அஃதாவது அரைநாட் சம்பளம். ஆங்கிலேயர் கூலியை மனிதனின் பெயராக்கினர். தோட்டத் தமிழரோ தம் பெயரையே கூலியின் அளவாக வழங்கினர். பெயரேட்டில் பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலையில் அவ்வழக்கு இயல்பாகவே பிறந்தது.

பிற நாடுகளில் இச்சொல் பெற்ற பொருள்களைச் சுருக்கமாகக் கூறலாம். சீனர் இதனைத் துன்பம், வலிமை என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் எழுதிக்கொண்டனர். ஒலியும் நின்றது, பொருளும் பொருந்திற்று. இந்தியில் இது இரயில் நிலையச் சுமையாளருக்கு உரியதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவருக்கும் உரிய வசையாயிற்று; காந்தியடிகள் தம் தன்வரலாற்றில், தம்மையே 'கூலி பாரிஸ்டர்' என்று வழங்கியதை எழுதுகிறார். தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி'யைப் பிடித்துக்கொண்டு இந்தியரைச் 'சாமி' என்றும் வெள்ளையர் இகழ்ந்தனர். அச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள். இகழ்பவர் தம்மையறியாமல் வணங்கிக்கொண்டிருந்தனர். திரைப்படத்திலோ, 1983இல் இந்தியிலும் 2025இல் தமிழிலும், உச்ச நடிகர்களின் படங்களுக்கு இது பெயராயிற்று. கைதட்டல் பெறும் அக்கூலிக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்ற கூலிக்கும் உறவு மிகக் குறைவு.

இலக்கியத்தில் இச்சொல்லைக் கையாண்ட முறையே திறனாய்வுக்கு உரியது. 1932இல் ஒல்லாந்து மொழியில் லுலோஃப்ஸ் அம்மையார் எழுதிய சுமத்திராத் தோட்ட நாவலின் பெயர் 'கூலி'. 1936இல் முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் பெயரும் 'கூலி'. ஆனந்தின் முனு வீட்டு வேலைக்காரன், ஆலைத் தொழிலாளி, இரிக்சா இழுப்பவன் எனப் பலவாக மாறி இளமையிலேயே மாள்கிறான். எத்தொழில் செய்தாலும் பெயர் ஒன்றே. ஆங்கிலச் சொல்லின் கொடுமையை அந்நாவல் நன்கு உணர்த்துகிறது. ஆனால் எம். குமாரன் 'செம்மண்ணும் நீல மலர்களும்' என்றும், மலேசியா வந்து சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்றும் தம் நாவல்களுக்குப் பெயரிட்டனர். மண்ணும் மரமும் தலைப்புக்கு வந்தன, கூலி வரவில்லை. தமிழில் அது மனிதனின் பெயராகாது என்னும் மொழியுணர்வு இப்பெயரிடலில் தொழிற்பட்டிருக்கலாம்.

இவ்வுணர்வு கட்டுரையாசிரியர்களிடம் காணப்படவில்லை என்பதே குறை. 'நம் முன்னோர் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர்' என்னும் தொடர் ஆண்டு மலர்களிலும் மாணவர் கட்டுரைகளிலும் அடிக்கடி காணப்படுவது. இது தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கிலம். 'கூலிக்கு வந்தனர்' என்று எழுதினால் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றே வரலாற்றைத் திருத்திவிடும். வந்தவன் தனியாகவும் கூலி தனியாகவும் நிற்கும். அவன் கேட்டதும், அவனுக்குக் கிடைக்காததும் விளங்கும். கூலியாள், கூலிக்காரர், தொழிலாளர் என்னும் சொற்கள் இருக்க, பன்மை விகுதி சேர்த்துக் 'கூலிகள்' என்பது உயர்திணையை அஃறிணையாக்கும் வழு. கொடுமையை மறைக்காமல் எழுத வேண்டுமல்லவா, ஏடுகளில் உள்ள சொல்லை மாற்றலாமா என்று சிலர் வினவுவர். ஏட்டைச் சான்று காட்டுமிடத்தில், சட்டத்தின் பெயரைக் கூறுமிடத்தில், துரை பேசுவதாகக் கதையில் வருமிடத்தில் அச்சொல் அவ்வாறே நிற்கட்டும், மேற்கோட்குறிக்குள் நிற்கட்டும். எழுதுபவர் தம் பாட்டனைப் பற்றித் தம் வாயால் கூறுமிடம் வேறு.