பெயர் பெறாத மனைவி

2003-ஆம் ஆண்டளவில், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெங்கும் கேட்டது ஒரு விழிப்புணர்வு விளம்பரம். சொற்சிக்கனத்தில் அதற்கு நிகரானவை தமிழில் மிகச் சிலவே. எனினும் நமக்கொரு குறை. புள்ளிராஜாவுக்குப் பெயருண்டு, அவன் மனைவிக்கு இல்லை.

லாரியோடும் கப்பலோடும் ஆண்கள் பலநாள் வெளியூர் செல்லும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இக்குறை சிறிதன்று. கணவன் சோதனைக்குப் போவதில்லை. கருவுற்ற மனைவிக்கோ, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனையில் இரத்தச் சோதனை நடக்கிறது. நோயைக் கொணர்ந்தவன் அவனேயாயினும், முதலில் அறியவந்தவள் என்பதால் பழி அவள்மீது விழுகிறது. ஆணுறை கேட்டால் கணவன் ஐயுறுவான். பிள்ளையைத் தள்ளிப்போட்டால் மாமியார் மலடியென்பார்.

மருந்தின்றி விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தாயிடமிருந்து பெறக்கூடிய இத்தொற்று, முறையான சிகிச்சையால் 5-க்கும் கீழே இறங்குகிறது. எனவே பிள்ளை வேண்டுமா என்பது இருவரும் அமர்ந்து பேசக்கூடிய கேள்வியே. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவள் இசைவின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ கூடாதென்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கருத்தரிப்பைத் தவிர்க்கும் 'அஸ்ல்' முறைக்கும் மனைவியின் இசைவு வேண்டுமென்பது ஹனபி பிக்ஹு நூல்களின் பொதுவிதி. (நம் மேடைகளில் இதனைச் சொல்வோர் அரியர்.) விளம்பரத்தின் கேள்வியோ புள்ளிராஜாவோடு நின்றுவிட்டது.